ஆறாவது ஆள்

6 ஜனவரி

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் கை கால் அசைத்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீ எழுதித் தெரிந்துகொள்ளும் பாக்கியம்தான் மூன்று மாதமாக எனக்கு இல்லையே. நடுவில் ஒரு அட்டை மட்டும் வந்தது. அதில் 'சுகம்' என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு எல்லை தாண்டித் தபால்தலை ஒட்டியவள் நீ ஒருத்திதான் இருப்பாய்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. சிரிக்காதே. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கும் வேலை. "ஊர் வம்பு கேக்கறதுக்குச் சம்பளம் தர்ற நாடு இது ஒண்ணுதான்" என்கிறார் உன் அத்தான். அச்சகத்தில் அவருக்கு வாரம் மூன்று நாள்தான் வேலை என்று ஆக்கிவிட்டார்கள். மீதி நான்கு நாளும் என்னைக் கேலி செய்வதுதான் அவருக்கு வேலை.

மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். கூரை என்ன, தரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, பிரிட்ஜ் உண்டா, வண்டி உண்டா. ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி. கூட்டிப் பார்த்தால் ஏழை, நடுத்தரம், வசதி என்று வந்துவிடும். ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் டி.வி.யைப் போர்வை போட்டு மூடினார்கள், வரி போட வந்திருக்கிறேன் என்று பயந்து. அடுத்த தெருவில் ஒருவர் அடுத்த வீட்டு டி.வி.யைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்திருந்தார். அந்த வீட்டில் மின்சாரமே கிடையாது.

பயிற்சி வகுப்பில் எங்கள் மேலதிகாரி கரும்பலகையில் இரண்டு பெட்டி வரைந்தார். ஒன்று நம் நாடு, ஒன்று உங்கள் நாடு. நம் பெட்டியில் பத்துக்கு நான்கு பேர் ஏழை, மூன்று பேர் நடுத்தரம். உங்கள் பெட்டியில் பத்துக்கு இரண்டு பேர்தான் ஏழை, ஐந்து பேர் நடுத்தரம். "ஒரே மழை, ஒரே மண்ணு, நடுவுல ஒரு சோதனைச்சாவடி. அவங்க மட்டும் எப்படி முன்னேறினாங்க?" என்று கேட்டார். நான் எழுந்து, "அவங்க வறுமைக் கோட்டைக் கொஞ்சம் கீழ கிழிச்சிருப்பாங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று பயிற்சிக்காக எல்லோரும் அவரவர் வீட்டுக்கே படிவம் நிரப்பினோம். நடுத்தரத்துக்கு எனக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது. என் கையெழுத்திலேயே நான் ஏழை. கஷ்டப்படுகிறோம் என்று தெரியும். ஏழை என்று அதுவரை தெரியாது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன்.

சரி, விளையாட்டுக்கு ஒரு வெற்றுப் படிவம் இதோடு வைக்கிறேன். நீ வசிக்கும் வீட்டுக்கு நிரப்பி அனுப்பு. இரண்டு நாட்டில் யார் பெரியவர் என்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்துவிடுவோம். ஒரு விதியை மட்டும் மறக்காதே: ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் ஒரு குடும்பம்.

என் பெண் வாயாடி பள்ளியிறுதித் தேர்வு எழுதப் போகிறாள். நர்ஸ் ஆக வேண்டுமாம். ஊசி போடும்போதும் பேசிக்கொண்டேதான் போடுவாள், வலிப்பதற்கு நோயாளிக்கு நேரமே இருக்காது. தினமும் ஒரு தடவையாவது "சித்தி என்ன பண்ணுவாங்க இப்ப?" என்று கேட்கிறாள். பதில் எழுது.

உன் அக்கா


24 ஜனவரி

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டியது போதும். இனி மாதம் ஒரு கடிதம், சத்தியம்.

அக்கா அரசாங்க ஆள் ஆகிவிட்டாள் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பம் பிடித்துச் சொல்வாயே, அந்தத் திறமையை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தானிடம் சொல், அவருடைய கேலி எனக்கு இங்கே கேட்கிறது என்று.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். கண் வைக்காதே. கான்கிரீட் கூரை. தரை பளபளவென்று கல். நடக்கும்போது முகம் தெரியும், கவனமில்லாமல் நடந்தால் வழுக்கும். ஆறு அறை. குழாயில் எந்நேரமும் தண்ணீர். பிரிட்ஜ் உண்டு, துணி துவைக்கும் மெஷின் உண்டு, கார் உண்டு. டெலிபோன்கூட உண்டு. ஆனால் தயவுசெய்து கூப்பிடாதே, கம்பெனி விஷயமாக நாள் முழுக்க யாராவது அடித்துக்கொண்டே இருப்பார்கள். இருபத்தேழாம் கேள்வியில் 'ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்' என்று இருக்கிறது. ஆறு என்று எழுதியிருக்கிறேன். அவருடைய அண்ணன் குடும்பமும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

அவர் லாரி விஷயமாக அலைந்துகொண்டே இருக்கிறார். நீ கேட்டதாகச் சொல்கிறேன்.

உன் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் நீ ஏழை என்று எழுதியதைப் படித்து எனக்கு மனசே சரியில்லை. இரண்டு புள்ளிதானே. ஒரு மேஜை விசிறி வாங்கினால் வந்துவிடாதா? வாயாடிக்கு என் முத்தம். நன்றாகத் தேர்வு எழுதச் சொல்.

உன் தங்கச்சி


25 ஜனவரி

அக்கா,

இந்தக் கடிதத்தை அனுப்பப் போவதில்லை. எழுதிப் பெட்டிக்கு அடியில் வைக்கப் போகிறேன். நேற்றுத் தபாலில் போட்டதை நூறு தடவை மனதுக்குள் திரும்பப் படித்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். மூன்று மணிக்குத் தேநீர் வைக்கும்வரை எனக்கு நேரம் உண்டு.

நான் எழுதியதில் கேள்விகளுக்கான பதில் எதுவும் பொய் இல்லை. 'நீ வசிக்கும் வீடு' என்றுதானே கேட்டாய். நான் வசிக்கும் வீட்டில் எல்லாம் இருக்கிறது. தரை வழுக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைத் துடைப்பவள் நான். ஒரே அடுப்புதான். அதை மூட்டுபவள் நான். பேங்க் மேனேஜர், அவர் மனைவி, அவர் அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆறாவது ஆள் நான்.

என் லாரிக்காரர் என்னை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது அக்கா. ஒரு நாள் லோடு ஏற்றிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து லாரி மட்டும் வந்தது, வேறு டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தார். "அவரு வடக்க ஒரு குடும்பம் வச்சிருக்காரு, உங்களுக்குத் தெரியாதா?" என்று அந்த ஆள் என்னிடமே கேட்டார். வாடகை அறையைக் காலி செய்துவிட்டு எட்டு வீடு ஏறி இறங்கினேன். இந்த வீட்டில்தான் தங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மெஷின் இருக்கும் சின்ன அறை. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. மெஷின் சுற்றும்போது சுவரும் நானும் சேர்ந்து ஆடுவோம்.

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டேன் என்று அப்பா சாகும்வரை என் பேரை எடுக்கவில்லை. நீ ஒருத்திதான் பேசினாய். அந்த உனக்கு இதை எப்படி எழுதுவது? "பெரிய நாட்டுக்காரி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறாயே.

இவர்கள் கெட்டவர்கள் இல்லை. அடித்ததில்லை. ஆனால் இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. படிவத்தை நிரப்பும்போது நாற்பத்திரண்டு கேள்வியும் என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. அதில்தான் மயங்கிவிட்டேன்.

மணி மூன்று ஆகப் போகிறது.


11 மார்ச்

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் படிவத்தை மேலதிகாரியிடம் காட்டிவிட்டேன். மனசு கேட்கவில்லை. புள்ளி கூட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சி வீடு என் வீட்டைவிட வசதிம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கோடு கீழே கிழிக்கப்பட்டது என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அப்பா இருந்திருந்தால் அந்தப் படிவத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டியிருப்பேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். உங்கள் ஊர் நர்சிங் பள்ளியில் எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சில இடம் ஒதுக்குகிறார்கள். வாயாடிக்கு இடம் கிடைத்துவிட்டது! கடிதம் வந்த அன்று அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான். உடம்பு சரியில்லையோ என்று அத்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

படிப்பு இலவசம். ஆனால் விடுதியில் இடம் இல்லை. உள்ளூரில் உறவினர் வீட்டில் தங்க வேண்டும், அவர் வீட்டுப் பத்திரத்தோடு நேரில் வந்து காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். மே பதினைந்துக்குள். எனக்கு ஒரு நொடிகூட யோசனை இல்லை. ஆறு அறையில் ஒன்று போதும். அறைகூட வேண்டாம், உன் பக்கத்தில் ஒரு பாய் போதும். வேலை செய்ய உடம்பு வணங்காத பிள்ளை இல்லை அவள், உனக்கு ஒத்தாசையாக இருப்பாள்.

மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல். உன் மாமியாருக்கு என் வணக்கம். உடனே எழுது. இவள் தினமும் தபால்காரரை மறித்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் அக்கா


2 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடிக்கு இடம் கிடைத்ததைப் படித்து அழுதுவிட்டேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அலைந்தது நேற்று மாதிரி இருக்கிறது.

ஆனால் அக்கா, இந்த வருடம் கொஞ்சம் சிரமம். மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். ஓரகத்திக்குப் பிரசவ நேரம். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேறு ஆட்கள் வருகிறார்கள், எல்லா அறையும் கலைந்து கிடக்கிறது. வீட்டுப் பத்திரம் அவருடைய அண்ணன் பேரில் இருக்கிறது, அவர் கொஞ்சம் கறாரான ஆள். அடுத்த வருடம் என்றால் எல்லாம் ஒழுங்காகிவிடும். ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று பள்ளியில் கேட்டுப் பார்.

தப்பாக நினைக்காதே.

உன் தங்கச்சி


20 ஏப்ரல்

தங்கச்சிக்கு,

தப்பாகத்தான் நினைக்கிறேன். கேட்டுக்கொள்.

ஒரு வருடம் தள்ளிவைக்க இது என்ன துணிக்கடை ஆடித் தள்ளுபடியா, வருடா வருடம் வர? இந்த வருடம் விட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். மாமியார், ஓரகத்தி, வெள்ளையடிப்பு என்று ஒரே மூச்சில் மூன்று சாக்கு. யார் காதில் பூச்சுற்றுகிறாய்? சாக்குச் சொல்கிறவர்களை நான் தினமும் இருபது வீட்டில் பார்க்கிறேன்.

நான் உனக்கு நினைவூட்ட வேண்டும் என்று நினைத்ததே இல்லை. இப்போது நினைவூட்டுகிறேன். நீ போன அன்று அப்பாவுக்கும் உனக்கும் நடுவில் நின்றவள் நான். அந்த அறை என் கன்னத்தில் விழுந்தது. பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒரு பாய் விரிக்க இடம் கேட்கிறேன்.

வாயாடி உன் கடிதத்தைப் படித்துவிட்டு, "சித்தி வீட்டுல நான் போனா அசிங்கமா இருக்கும்னு நினைக்கிறாங்களா அம்மா?" என்று கேட்டாள். இல்லையடி என்றேன். என்னைப் பொய் சொன்னவளாக ஆக்கிவிடாதே. கையெழுத்துப் போட்டுவிடு. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

அக்கா


12 மே

அக்கா,

என்னால் முடியாது. காரணம் கேட்காதே. உன் காலில் விழுகிறேன், கேட்காதே. வாயாடியிடம் என்னை மன்னிக்கச் சொல்.

தங்கச்சி


3 ஆகஸ்ட்

தங்கைக்கு,

இதை எழுத வேண்டாம் என்று அத்தான் சொன்னார். எழுதினால்தான் எனக்கு ஆறும்.

மே பதினைந்து போனது. பள்ளி இடம் போனது. அதன்பிறகு வாயாடி உன் பேரை வீட்டில் எடுக்கவே இல்லை. நீ அனுப்பிய போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்குள் குப்புறப் போட்டிருக்கிறாள். நானும் எடுத்து மாட்டவில்லை. அச்சகத்தை ஜூனில் மூடிவிட்டார்கள். என் கணக்கெடுப்பும் முடிந்துவிட்டது. இப்போது படிவம் நிரப்பினால் எத்தனை புள்ளி வரும் என்று நான் பார்க்கவில்லை.

ஆனால் நீ இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடாது. உங்கள் ஊரிலேயே ஒரு பெரிய வீட்டில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு வந்த ஏஜென்ட் அம்மாள் ஏற்பாடு செய்தாள். வீட்டோடு தங்கிக்கொள்ளலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும், குடும்பத்தில் ஒருத்தி மாதிரி வைத்துக்கொள்வார்களாம். சாயங்காலம் படிக்கவும் விடுவார்களாம். ஜூலை பத்தாம் தேதி அனுப்பிவைத்தேன். யோசித்தேன்தான். ஆனால் அங்கே பத்துக்கு ஐந்து பேர் நடுத்தரம், என் தங்கையே கல் பதித்த தரையில் நடக்கிறாள், அந்த நாட்டில் என் பிள்ளை கெட்டுப்போக மாட்டாள் என்று துணிந்தேன்.

சொந்தச் சித்தி தராத இடத்தை முன்பின் தெரியாதவர்கள் தந்திருக்கிறார்கள். அவளைத் தேடிக்கொண்டு போய்ப் பெரிய மனுஷி மாதிரி நிற்காதே. விலாசம் தரமாட்டேன்.

அக்கா


14 ஆகஸ்ட்

அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

ஜனவரியில் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைக்கிறேன். முதலில் அதைப் படி. பிறகு இதைப் படி.

படித்துவிட்டாயா? அதுதான் நான். எனக்கு மாமியார் இல்லை, ஓரகத்தி இல்லை, பத்திரம் இல்லை. இருந்தால் உன் பிள்ளையைத் தலையில் வைத்துத் தாங்கியிருப்பேன். அவள் வந்தால் அசிங்கம் என்று நான் நினைக்கவில்லை, வெட்கப்பட்டது என்னை நினைத்துத்தான். கையெழுத்துப் போட நான் யார் என்று பள்ளியில் கேட்டால், மெஷின் அறையில் படுப்பவள் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதை உனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் நீ நான்கு நாள் அழுதிருப்பாய், அவ்வளவுதான். அவளை அனுப்பியிருக்க மாட்டாய். என் வறட்டுக் கௌரவம் உன் பிள்ளையை இங்கே இழுத்து வந்துவிட்டது.

போன மாதம் இந்த நாட்டுக் கணக்கெடுப்புக்காரர் இந்த வீட்டுக்கு வந்தார். உன் மாதிரியே தோளில் பை, கையில் அட்டை. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். உன்னைப் பார்த்த மாதிரி இருந்தது, சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். "ஒரே அடுப்புல சாப்பிடறவங்க எத்தனை பேரும்மா?" என்றார். "அஞ்சு... இவளையும் சேக்கணுமா?" என்றார் வீட்டுக்காரம்மா. "ஆறு மாசத்துக்கு மேல இருந்தா சேக்கணும்." "அப்ப ஆறு." உறவுமுறை என்ற கட்டத்தில் 'மற்றவர்' என்று எழுதினார். என் முகத்தை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு நல்ல புள்ளி வந்திருக்கும். உன் மேலதிகாரி கரும்பலகையில் வரைந்த பெட்டியில் அந்த ஐந்து நடுத்தரக்காரர்களுக்குள் நானும் இருக்கிறேன் அக்கா. இந்த ஊரில் பால் வாங்க வரும் பெண்களில் பாதிப் பேர் அதற்குள்தான் இருக்கிறார்கள். இப்போது வாயாடியும் இருக்கிறாள்.

'குடும்பத்தில் ஒருத்தி மாதிரி' என்று என்னிடமும் சொல்லித்தான் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர்கள் பரவாயில்லை. எல்லோரும் இப்படி இருக்க மாட்டார்கள். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். விலாசம் கொடு.

தங்கச்சி


30 ஆகஸ்ட்

அடி பாவி, என் கண்ணே,

இரண்டு கடிதத்தையும் ஒன்றாகப் படித்தேன். உன் மேல் கோபப்படுவதா, என்னையே அறைந்துகொள்வதா என்று தெரியவில்லை. இரண்டு வருடமாகத் தாழ்ப்பாள் இல்லாத அறையில் நீ படுத்திருக்கிறாய், நான் இங்கே உன் பெருமையை ஊருக்கு விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "மாப்பிள்ளை கைப்பட நாலு வரி எழுதச் சொல்" என்று நான் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். படிவத்தில் உள்ளதையே கேட்டுப் பழகிவிட்டேன்.

உன்னைப் பார்க்காத அந்தக் கணக்கெடுப்புக்காரரை நினைத்து எரிச்சல் வந்தது. பிறகு எனக்கே நினைவு வந்தது. நானும் அப்படித்தான் எழுதினேன். பெரிய வீடுகளில் கதவுக்குப் பின்னால் யாராவது நிற்பார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு, 'மற்றவர்' என்று போட்டுவிட்டு, அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எத்தனை பேர் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். முகம் ஒன்றும் வரவில்லை.

விலாசம் தரமாட்டேன் என்று வீம்பாக எழுதினேன். உண்மை என்னவென்றால் என்னிடம் விலாசமே இல்லை. ஏஜென்ட் அம்மாள் "தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற காலனி, மாடி வீடு" என்று மட்டும் சொன்னாள். போய்ச் சேர்ந்ததும் பிள்ளையே எழுதுவாள் என்றாள். ஏழு வாரம் ஆகிவிட்டது. ஒரு வரி இல்லை. ஏஜென்ட் அம்மாள் வீடு பூட்டியிருக்கிறது. அத்தான் தினமும் போய் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்.

எல்லை பாஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை என் கண் நீதான். தேடு. கிடைத்தால் எது எப்படி இருந்தாலும் உள்ளபடி எழுது. இனி எனக்கு நல்ல சேதி வேண்டாம்.

உன் அக்கா


9 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

கிடைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். முதலில் அதை வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொள்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல்தான் விடுமுறை. ஐந்து ஞாயிறும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் இருந்தேன். இந்தப் பகுதியில் யார் வீட்டில் யார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று பால் கடையில் நிற்கும் பெண்களுக்குத் தெரியாமல் இருக்காது. "எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணு, பதினேழு வயசு, ஓயாம பேசும்" என்று ஒவ்வொருத்தியிடமும் அடையாளம் சொன்னேன். அப்படி ஒருத்தியைத் தெரியாது என்றார்கள். நான்கு வாரம் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஐந்தாவது வாரம் துணி தேய்க்கிறவர் என்னைக் கூப்பிட்டார். "பேசற பொண்ணு யாரும் இல்லம்மா. வாயே திறக்காத பொண்ணு ஒண்ணு இருக்கு, கடைசித் தெரு மாடி வீட்டுல. துணி எடுக்கப் போனா தலையாட்டும், அவ்வளவுதான்" என்றார்.

போனேன். பின்பக்கத்துக் கேட்டுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை அக்கா. அவள்தான் என்னைப் பார்த்தாள். பேன் வரும் என்று முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டிருக்கிறார்கள். கை இரண்டும் சோப்புத்தூளில் வெந்து தோல் உரிந்திருக்கிறது. "சித்தி" என்றாள். கம்பிக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டேன். நான் தராத இடத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாக எல்லாவற்றையும் சொன்னேன், என் அறை, என் தாழ்ப்பாள், எல்லாம். கேட்டுவிட்டு, "உங்களுக்காவது ரூம் இருக்கு சித்தி" என்றாள். அவள் சமையலறையில் படுக்கிறாள்.

படிப்பு என்ற பேச்சே இல்லை. கடிதம் எழுதக் காகிதம் கேட்டதற்கு, அம்மா நினைப்பு வந்தால் வேலை ஓடாது என்று சொல்லிவிட்டார்களாம். முன்வாசலுக்குப் போய் மணி அடித்தேன். அந்த வீட்டு அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சித்தின்னு யாரு வேணா சொல்லலாம். பெத்தவ வரட்டும், பொண்ணோட எல்லை பாஸைத் தர்றேன்" என்றார். நான் யார் என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.

உன் பாஸ் வந்திருக்கும். இருபதாம் தேதிக்குப் பிறகு வரும் வியாழக்கிழமை காலைப் பேருந்தில் ஏறு. வாயாடியின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி அட்டை, நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் கொண்டு வா. அத்தானையும் கூட்டி வந்தால் நல்லது, அந்த அம்மாள் ஆண்பிள்ளை குரலுக்குக் கொஞ்சம் இறங்குவார் போலிருக்கிறது. நான் வேலைக்கு வரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

நான் கிளம்பும்போது வாயாடி கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். "அம்மாகிட்ட நான் நல்லா இருக்கேன்னு எழுதுங்க சித்தி. நான் எழுதினா அம்மா கண்டுபிடிச்சிடும். நீங்க எழுதினா நம்பும்" என்றாள்.

சரி என்று அவளிடம் தலையாட்டிவிட்டு வந்தேன். அவள் நன்றாக இல்லை, அக்கா. வந்து கூட்டிக்கொண்டு போ.

உன் தங்கச்சி